பெறுநர் நேரில் வரவும்

"லாயிட் சார் இருக்காங்களா?" என்று ஒரு பெண் போனில் கேட்டபோது, பியாட்ரிஸ் கம்ப்யூட்டர் திரையில் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். 2020, அக்டோபர் மாதம் பதினான்காம் தேதி. அவள் புருஷன் லாயிட் செத்து ஐந்து மாதம் முடிந்திருந்தது.

மைக்கை அணைத்துவிட்டு, "யாரு பேசறது?" என்றாள்.

"பார்சல் ஆபீஸ்லேர்ந்து மேடம். லாயிட் சார் பேருக்கு மஸ்கட்லேர்ந்து ஒரு பெட்டி வந்திருக்கு. பொம்மனஹள்ளி கோடவுன்ல இருக்கு. சார் ஐடி ப்ரூஃப் எடுத்துக்கிட்டு நேர்ல வரணும். நவம்பர் மூணுக்குள்ள எடுக்கலைன்னா ரிட்டர்ன் போயிடும்."

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எழுதினால் அதற்கும் ஐடி ப்ரூஃப் கேட்பார்கள்.

லாயிட் பதினோரு வருஷம் மஸ்கட்டில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பியாட்ரிஸ் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் மறைக்கல்வி டீச்சர். டிசம்பர் வந்தால் அவன் வருவான், ஜனவரியில் போய்விடுவான். இந்த மே மாதம் காய்ச்சல் என்றான், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி என்றார்கள், ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது என்றார்கள். விமானம் கிடையாது. அங்கேயே அடக்கம் செய்து, நாற்பது விநாடி வீடியோ ஒன்று அனுப்பினார்கள். வெள்ளை உடுப்புக்குள் நான்கு பேர், தூரத்தில் ஒரு சாமியார். முகம் என்று ஒன்றையும் அவள் பார்க்கவில்லை.

செய்தி சொன்னவர் மஸ்கட் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி யூஜின். அவரிடம் அவள் மூன்று முறை கேட்டாள். "பேரைச் சரியாப் பாருங்க சார். வேற யாராவது லாயிடா இருக்கும். தப்பா எழுதியிருப்பாங்க." மூன்று முறையும் அவர் பொறுமையாகச் சொன்னார். "மிஸ்டேக் இல்ல மேடம். எல்லா ரெக்கார்டும் செக் பண்ணிட்டோம்."

உலகத்தில் எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ தப்பு. ரேஷன் கார்டில் தப்பு, ஓட்டர் லிஸ்டில் தப்பு, கரண்ட் பில்லில் தப்பு. இந்த ஒன்றில் மட்டும் ஒரு தப்பும் நடக்கவில்லையாம்.

ஜூலை மூன்றாம் தேதி அவனுடைய சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும் யூஜின் படம் எடுத்து வாட்சப்பில் போட்டிருந்தார். மூக்குக்கண்ணாடி ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, சட்டை நான்கு, நெக்லஸ் ஒன்று, ஒரிஜினல் டாக்குமெண்ட்ஸ் கவர் ஒன்று.

நெக்லஸா? லாயிடிடம் ஏது நெக்லஸ்? யூஜினைக் கேட்டதும் படம் வந்தது. ஜெபமாலை. செப்டம்பர் மாதா திருவிழாக் கடையில் அவளே வாங்கிக் கொடுத்த மரமணி ஜெபமாலை. சிலுவையைக் கட்டிய நூல் ஒருமுறை அறுந்து, அவள் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தாள். முடிச்சு படத்தில் தெரிந்தது.

அன்றைக்குத்தான் அவள் நிஜமாகவே அழுதாள். அவர்கள் வீட்டில் யார் செத்தாலும் விரல்களைச் சுற்றி ஜெபமாலையைக் கட்டித்தான் சவப்பெட்டியை மூடுவார்கள். மாலை பார்சலில் இருக்கிறது என்றால், லாயிட் வெறுங்கையோடு போயிருக்கிறான். 

ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் லாயிடின் அப்பா பெனடிக்டும் அம்மாவும் இருக்கும் கல்லறையில் அவன் பெயரையும் வெட்டி வைத்தாயிற்று. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது, அந்த மண்ணுக்குள் ஜெபமாலையும் கண்ணாடியுமாவது இருக்க வேண்டும். கொரோனாவால் இந்த வருஷம் கூட்டம் கூடாது என்று ஒவ்வொரு அன்பியத்துக்கும், அதாவது பங்கின் ஒவ்வொரு பகுதிக்கும், அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவளுடைய பகுதிக்குச் சாயங்காலம் நான்கு முதல் நாலரை. இதைத் தவிர அவள் இந்த உலகத்திடம் வேறு எதையும் கேட்கவில்லை.

ஜூலை முழுக்க டிராக்கிங்கில் ஒரே வரி, 'விமானத்துக்காகக் காத்திருக்கிறது'. அதே ஜூலையில் டிவியில் மாம்பழப் பெட்டிகளை விமானத்தில் ஏற்றுவதைக் காட்டினார்கள். மாம்பழம் பறக்கலாம். ஒரு மனுஷனின் மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லை. ஆகஸ்டில் பெட்டி மும்பை வந்தது. வந்ததும் நெக்லஸ் என்ற சொல்லைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். தங்கமா, எத்தனை பவுன், மதிப்புச் சான்றிதழ் எங்கே? பியாட்ரிஸ் பங்குச் சாமியாரிடம் போய், 'இது மரத்தால் ஆன ஜெபமாலை, நகை அல்ல' என்று லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்தி வாங்கி அனுப்பினாள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

இப்போது பெட்டி பொம்மனஹள்ளிக்கே வந்துவிட்டது. இனி என்ன, இரண்டு பஸ் மாறினால் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். நினைப்புக்கு என்ன, காசா பணமா.

கோடவுன் வாசலில் நெற்றியில் வெப்பமானியை நீட்டினார்கள், கையில் சானிடைசரை ஊற்றினார்கள். பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் பிரகாஷ் என்று பெயர்ப்பட்டை குத்திய ஊழியர் உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

"அட்ரஸி எங்க மேடம்?"

"அட்ரஸி என் ஹஸ்பண்ட். அவர் இறந்துட்டார். அவரோட சாமானைத்தான் கம்பெனியில அனுப்பியிருக்காங்க."

பிரகாஷ் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "ஆனா பார்சல் அவர் பேருக்கே வந்திருக்கே?"

"அதான் நானும் கேக்கறேன். செத்தவர் சாமானைச் செத்தவருக்கே அனுப்பியிருக்காங்க. அவங்க கம்ப்யூட்டர்ல இருந்த பேரும் அட்ரஸும் அப்படியே ஸ்டிக்கர்ல வந்திருக்கு. எனக்குத்தான் குடுக்கணும்னு எவனுக்கும் தோணலை."

"ஆகல்ல மேடம், குடுக்க முடியாது." பிரகாஷின் விரல் கீபோர்டில் எதையோ தட்டியது. "அட்ரஸி டிசீஸ்ட், அதான் இறந்துட்டார்னா, அனுப்பினவங்களுக்கே ரிட்டர்ன். இப்ப என்ட்ரி போட்டுட்டேன்."

"ரிட்டர்ன் எப்படிப் போகும்? ஃபிளைட் இருக்கா?"

"ஃபிளைட் இல்ல. இங்கயே இருக்கும். ஆனா ரிட்டர்ன் கணக்குல இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுஷன் இல்லை. "நீங்க ஏன் மேடம் அதைச் சொன்னீங்க? சார் ஊர்ல இல்ல, உடம்பு சரியில்லன்னு சொல்லி, அவர் கையெழுத்துல ஒரு அத்தரைசேஷன் லெட்டர் கொண்டுவந்திருந்தா குடுத்திருப்பேனே."

பியாட்ரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதாவது, புருஷன் எங்கேயோ ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் பெண்டாட்டிக்குப் பெட்டியைக் கொடுப்பார்கள். செத்துத் தொலைத்திருந்தால் கொடுக்க மாட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும், ரொம்ப வந்தால் தமிழுக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. வரிசையில் நின்றவர்கள் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடி போனாள். யூஜின் வாட்சப்பில் அனுப்பியிருந்த இறப்புச் சான்றிதழின் படத்தைப் பிரிண்ட் எடுத்திருந்தாள்.

"காப்பி ஆகாது மேடம். டெத் சர்ட்டிஃபிகேட் ஒரிஜினல் வேணும். அதை வச்சு வாரிசு சர்ட்டிஃபிகேட் எடுத்துட்டு வந்தா, மேல கேட்டுப் பாக்கலாம்."

"ஒரிஜினல் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" பட்டியலின் கடைசி வரியில் அவள் விரலை வைத்தாள். "இதோ பாருங்க. ஒரிஜினல் டாக்குமெண்ட்ஸ், கவர் ஒண்ணு. உங்க பின்னாடி ரேக்ல இருக்கிற பெட்டிக்குள்ளதான் இருக்கு."

பிரகாஷ் திரும்பி ரேக்கைப் பார்த்தார். பியாட்ரிஸும் பார்த்தாள். பழுப்பு நிறப் பெட்டி, இரண்டு ஷூ பெட்டி அளவு. ஓரம் நசுங்கியிருந்தது. இடையில் பத்தடி தூரம்.

"அப்ப திறந்து எடுத்துப் பாருங்க."

"அட்ரஸி முன்னாடிதான் மேடம் திறக்கணும்."

பெட்டியைத் திறக்க லாயிட் வர வேண்டும். லாயிட் வர மாட்டான் என்பதற்கான சான்று பெட்டிக்குள் இருக்கிறது. இப்படி ஒரு சட்டத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

வீட்டில் மகள் லீனாவும் பிரகாஷின் கட்சிதான். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறவள், காதில் ஹெட்போனோடு சொன்னாள். "மம்மி, வேற கவுன்டர்ல போய் டாடி குவாரன்டைன்ல இருக்கார்னு சொல்லு. டாடி கையெழுத்து எனக்கு நல்லா வரும். ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல எத்தனை தடவை போட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதேங்கற எட்டாம் கட்டளையை ஞாயித்துக்கிழமை முப்பது பிள்ளைங்களுக்கு நடத்தறேன்டி நான்."

"கடவுள் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்."

"கடவுளை விடு. அஞ்சு மாசமா பாக்கறவங்க எல்லார்கிட்டயும் இறந்துட்டார், இறந்துட்டார்னு சொல்லிச் சொல்லி இப்பதான் அந்த வார்த்தை தொண்டையில நிக்காம வருது. இப்ப மறுபடி இருக்கார்னு சொல்லச் சொல்றியா? புதைக்கறதுக்காக உயிரோட இருக்கார்னு சொல்லணுமா?"

லீனா ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. வாங்கி வைத்த செவ்வந்தி மாலை மேஜைமேல் இருந்தது, பக்கத்தில் மெழுகுவத்திக் கட்டு. பெட்டி இல்லாமல்தான் கல்லறைக்குப் போகப் போகிறோம் என்று பியாட்ரிஸ் மனசைத் தேற்றிக்கொண்டு அட்டெண்டன்ஸ் எடுத்தாள். திரையில் ஒரு புதுப் பெயர் முளைத்திருந்தது, GOVINDARAJAN S.

"யாருப்பா அது கோவிந்தராஜன்? வீடியோ ஆன் பண்ணு."

கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "மிஸ், நான் சௌம்யா."

"உன் பேர்ல வராம யார் பேர்ல வந்திருக்க?"

"என் பேர்தான் மிஸ். அது எங்க அப்பா பேரு, இனிஷியல். ஃபுல்லா எழுதணும்னு கேட்டுச்சு, எழுதினேன். என் பேரை அதுவே எஸ்னு சின்னதாக்கிடுச்சு."

வகுப்பு சிரித்தது. பியாட்ரிஸும் சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பில் நின்றாள்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, போனில் ஸ்டிக்கரின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். LLOYD B. அந்த பி, மாமனார் பெனடிக்டின் பி. இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு அது தெரியும். ஆனால் ஸ்டிக்கரில் பெனடிக்ட் என்று எழுதியிருக்கிறதா? இல்லை. மிஸ்டர் என்றாவது போட்டிருக்கிறார்களா? செத்த மனுஷனுக்கு அந்த ஒரு மரியாதை வார்த்தையைக்கூட அவர்கள் போடவில்லை.

கைப்பையிலிருந்து தன் ஆதார் கார்டை எடுத்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் எல். பியாட்ரிஸ். ஆதார் எடுத்த அன்று அங்கே எழுதிய ஆள், இனிஷியல் ஆகாது, முழுசாகச் சொல்லுங்கள் என்று அடம்பிடித்தார். புருஷன் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது. Lloyd Beatrice. அன்றைக்கு அந்த ஆளோடு அரை மணி நேரம் சண்டை போட்டிருந்தாள்.

Lloyd Beatrice. சுருக்கினால் என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

பொம்மனஹள்ளி போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் மாலையும் மெழுகுவத்தியும் ஒரு சின்னக் கொத்துக்கரண்டியும். பிரகாஷ் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார்.

"என் பார்சலை எடுக்க வந்திருக்கேன்" என்றாள். ஆதாரைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். "லாயிட் பி. நான்தான்."

"மேடம், இது உங்க ஹஸ்பண்ட் பேரு."

"என் பேரும் அதுதான். லாயிட் பியாட்ரிஸ். அட்ரஸ் அதே அட்ரஸ், போன் நம்பர் என் நம்பர். உங்க ஆபீஸ் பொண்ணு போன் பண்ணது எனக்குத்தான். ஸ்டிக்கர்ல ஆம்பளைன்னு எங்கயாவது போட்டிருக்கா, காட்டுங்க."

"ஆனா நீங்கதானே அட்ரஸி இறந்துட்டார்னு சொன்னீங்க? ரெண்டு வாரம் முன்னாடி, இதே இடத்துல!"

"என் ஹஸ்பண்ட் இறந்துட்டார்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன், இறந்துட்டார். மே மாசம் பதினொண்ணு. அதுல ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். ஆனா இந்த ஸ்டிக்கர்ல இருக்கிறது என் பேரு. அன்னிக்கு நானே கவனிக்கலை. நீங்க அட்ரஸி டிசீஸ்ட்னு போட்டு வச்சிருக்கீங்க. நான் உங்க முன்னாடி நிக்கறேன். நான் செத்துட்டேனா?"

கடைசிக் கேள்வி கோடவுன் முழுக்கக் கேட்டது. உள்ளறையிலிருந்து மேனேஜர் வீணா வெளியே வந்தார். நாற்பது வயசுக்காரர். பிரகாஷ் கன்னடத்தில் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னார். வீணா ஆதாரை வாங்கிப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு பியாட்ரிஸின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். செவ்வந்தி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இவத்து ஏனு?" என்று வீணா கேட்டார். இன்றைக்கு என்ன?

"கல்லறைத் திருநாள்" என்றாள் பியாட்ரிஸ். "நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

வீணா ஆதாரைப் பிரகாஷிடம் நீட்டினார். "பேர் சிஸ்டத்துல அடிச்சுப் பாருங்க பிரகாஷ்" என்றார். பிரகாஷ் அடித்தார். திரை பச்சையானது. பெயர் பொருந்துகிறது என்று கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டது. லாயிடைச் செத்த பின்னும் பெறுநர் ஆக்கியது ஒரு கம்ப்யூட்டர், பியாட்ரிஸை லாயிட் ஆக்கியது இன்னொன்று. இதில் மனுஷர்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் நான்கு மாதம் குறுக்கே நிற்பது ஒன்றுதான்.

"டிசீஸ்ட் என்ட்ரியை எடுக்கணும்னா காரணம் கேக்குது மேடம்" என்றார் பிரகாஷ். பட்டியலில் தேடி ஒன்றை அழுத்தினார். பக்கத்திலிருந்த மெஷினிலிருந்து ஒரு காகிதம் வந்தது. "இதுல சைன் பண்ணுங்க. பாக்ஸை உங்க முன்னாடியே திறந்து காட்டறேன்."

பியாட்ரிஸ் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி.

'பெறுநர்: LLOYD B. இவர் இறந்துவிட்டதாகப் பதிந்தது தவறு.'

பேனாவைப் பிடித்த கை அப்படியே நின்றது. அது தன்னைப் பற்றியது, தன் பெயரைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மே மாதத்தில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு அவள் மூன்று முறை கெஞ்சிக் கேட்டது இதே வாக்கியத்தைத்தான். இப்போது கேட்காமலே அச்சடித்து நீட்டுகிறார்கள்.

"மேடம்?" என்றார் பிரகாஷ்.

"எனக்கு இதுல ஒரு காப்பி வேணும்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். இனிஷியலை விரித்து, முழுசாக.

நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் லீனா காத்திருந்தாள். இருவரும் தாத்தா பாட்டியின் கல்லறைத் தலைமாட்டில் மண்ணைத் தோண்டினார்கள். சட்டைகளை லீனா தனக்கென்று எடுத்துக்கொண்டாள், கடிகாரத்தையும். கண்ணாடியையும் ஜெபமாலையையும் பியாட்ரிஸ் ஒரு கைக்குட்டையில் சுற்றினாள். சுற்றுவதற்கு முன், கறுப்பு நூல் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கவருக்குள் அரபி எழுத்தில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. அதைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தாள். இனி பேங்க், எல்.ஐ.சி., பென்ஷன் என்று ஒவ்வொருவனும் கேட்பான்.

பிறகு அந்தக் காப்பியை எடுத்தாள். லீனா எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பியாட்ரிஸ் காகிதத்தை நான்காக மடித்தாள். குனிந்து, குழிக்குள் கைக்குட்டையின் பக்கத்தில் வைத்தாள். "கேட்டுக்கோங்க" என்றாள், மண்ணைப் பார்த்து. கோபம் இன்னும் குரலில்தான் இருந்தது. "அந்த யூஜின்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன், தப்பே இல்லைன்னுட்டான். ஒரு ஆபீஸ்லயாவது தப்புன்னு எழுத வச்சுட்டேன்."

ஃபாதர் தீர்த்தச் செம்போடு இரண்டு கல்லறை தள்ளி வந்துகொண்டிருந்தார். அவள் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். அந்தக் காகிதம் வேறு எந்த ஆபீசுக்கும் தேவைப்படாது.